செங்கல்பட்டு கடலோரத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ: பெருகும் கணக்கும் அடக்கும் வழியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசி வெயில் ஏறத் தொடங்கியதும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூவத்தூர் வரை உள்ள தென்னந்தோப்புகளில் ஒரே மாதிரியான அறிகுறி தெரிய ஆரம்பிக்கும். ஊடுபயிராக நிற்கும் வாழையின் இலைமேல் கரி பூசியதுபோல் கறுக்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அண்ணாந்து பார்த்தால், கீழ்வரிசை மட்டைகளின் அடிப்புறம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். மட்டையைக் கம்பால் தட்டினால் புகைபோல் ஈக்கள் எழும்பி மறுபடி அதே இடத்தில் உட்காரும்.

இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இதைப் பார்த்ததும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். மருந்துக் கடையில் அதற்குப் பதில் உடனே கிடைக்கும். ஆனால் இந்தப் பூச்சி எந்த வேகத்தில் பெருகுகிறது, எது அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று தெரியாமல் மருந்தில் கை வைத்தால், கைக்காசும் போய், அடுத்த மூன்று நான்கு மாதத்தில் ஈ முன்னைவிட அதிகமாக நிற்கும். அது ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எங்கிருந்து வந்தது

இது நம் நாட்டுப் பூச்சி அல்ல. மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டுத் தென்னையிலிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து 2004-இல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைக்கப்பட்டது. கூட்டுப்புழுவின் உடலில் உள்ள ஒரு மூடி சுருக்கம் விழுந்து இருப்பதால் ரூகோஸ் என்ற பெயர். 2009-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமி பகுதியில் பரவியது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சியிலும் அதை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலும் முதலில் கண்டறியப்பட்டது. பிறகு சில ஆண்டுகளிலேயே தென்னை இருக்கும் மாநிலம் பெரும்பாலானவற்றுக்கும் போய்விட்டது.

ஈ தானாகப் பறந்து அவ்வளவு தூரம் போகாது. இது சோம்பலான பூச்சி; காற்று தூக்கினால் பக்கத்துத் தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். மாவட்டம் விட்டு மாவட்டம் போனது கன்றுகளோடும், பச்சை மட்டைகளோடும், அழகுச் செடிகளோடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இந்தச் செய்தி முக்கியம். விடுதிகளுக்கும் கடலோர வீடுகளுக்கும் வெளியூரிலிருந்து செடியும் கன்றும் லாரியில் வந்துகொண்டே இருக்கின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது போன்ற சமயங்களில் சாய்ந்த மரத்துக்குப் பதில் கன்று வைப்பவர்கள், கன்றின் இலையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்தால், ஈயையும் சேர்த்துத்தான் நடுகிறார்கள்.

தென்னைதான் இதற்குப் பிடித்த பயிர். வாழை, கொய்யா, சப்போட்டா, சீத்தா, செம்பருத்தி, கல்வாழை ஆகியவற்றிலும் உட்காரும். தென்னையிலேயே குட்டை ரகங்களையும் நெட்டை குட்டை வீரிய ஒட்டு மரங்களையும் அதிகம் தாக்குகிறது. நம் நாட்டு நெட்டை மரங்களில் ஓரளவு குறைவு.

முட்டையிலிருந்து ஈ வரை

பெண் ஈ மட்டையின் அடிப்புறத்தில் வட்ட வட்டமாகச் சுற்றிக்கொண்டே முட்டை வைக்கும். வைத்த முட்டைமேல் மெழுகுத் தூளையும் உதிர்த்துக்கொண்டு போகும். கைரேகைச் சுழிபோல் தெரியும் இந்த வெள்ளைச் சுருளை வைத்துத்தான் 'சுருள் வெள்ளை ஈ' என்கிறோம். சுருளைப் பார்த்தவுடன் முட்டை எல்லாம் அதில்தான் என்று நினைத்துத் துணியால் துடைக்கும் ஆட்கள் உண்டு. எட்டும் உயரத்தில் நிற்கும் கன்றுக்கு அது நல்ல வேலைதான்.

ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும். இந்தப் பூச்சி வளரும் காலத்தில் காலால் நடப்பது இந்தப் பருவத்தில் மட்டும்தான். கொஞ்ச தூரம் ஊர்ந்து, இலை நரம்பருகே நல்ல இடம் பார்த்து, ஊசிபோன்ற வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு நகராது. அதே இடத்தில் சாற்றை உறிஞ்சி, சட்டையைக் கழற்றிக் கழற்றி வளர்ந்து, கடைசியில் கூட்டுப்புழு ஆகும். அதன் மேல் மெழுகும் வெள்ளை இழைகளும் மூடியிருக்கும். கூட்டுப்புழுவின் முதுகு ஆங்கில 'டி' எழுத்துபோல் பிளந்து ஈ வெளியே வரும். இந்த 'டி' பிளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் உதவும்.

நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ வர ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் மாதங்களில் கொஞ்சம் நீளும். வெளியே வந்த ஈ, கத்திரியிலும் வெண்டையிலும் நாம் பார்க்கும் சாதாரண வெள்ளை ஈயைவிட மூன்று மடங்கு பெரியது. இறக்கையில் வெளிர் பழுப்புப் பட்டை இருக்கும். ஆண் ஈயின் வால் பகுதியில் இடுக்கி போன்ற உறுப்பு இருக்கும்.

எல்லா ஈக்களும் ஒரே நாளில் முட்டை வைப்பதில்லை. எந்த நாளில் மட்டையைப் பார்த்தாலும் முட்டை, நடக்கும் குஞ்சு, உட்கார்ந்த குஞ்சு, கூட்டுப்புழு, ஈ எல்லாம் கலந்தே இருக்கும். ஒரு நாள் அடிக்கும் மருந்து எல்லாப் பருவத்தையும் ஒருசேரப் பிடிக்காது. மெழுகுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும்.

மரத்துக்கு என்ன ஆகிறது

பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஈயால் தென்னை மரம் சாகாது. சிவப்புக் கூன்வண்டு விழுந்த மரம் கைவிட்டுப் போகும், இது அப்படியல்ல.

இலைச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. தனக்கு வேண்டிய புரதத்துக்காகப் பூச்சி நிறையச் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாகக் கீழே சொட்டவிடுகிறது. அது அடுத்த வரிசை மட்டையின் மேற்புறத்திலும், கீழே உள்ள வாழையிலும் விழுகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் இலைக்குள் போவதில்லை. மேலே போர்வைபோல் படர்ந்து வெயிலை மறைக்கிறது. வெயில் படாத இலை சமைக்காது. சாறு போனதும், இலை கறுத்ததும் சேர்ந்து மரம் தளர்கிறது. ஏற்கெனவே உப்புத் தண்ணீரிலும் உரம் இல்லாமலும் நிற்கும் மரத்துக்கு இது கூடுதல் சுமை. சரியாக உரமும் நீரும் பெறும் மரம் இதைத் தாங்கிக்கொண்டு அடுத்த மழைக்குப் பச்சை பிடிக்கும்.

பெருகும் கணக்கு

இனி வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தோப்பில் சரியாக இதே எண் இருக்காது. ஆனால் போக்கு இதுதான்.

ஒரு பெண் ஈ 50 முட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, 25, பெண். எதுவும் சாகாவிட்டால் அடுத்த மாதம் ஒன்று 25 ஆகும். அதற்கடுத்த மாதம் 625. அப்படி எந்தத் தோப்பிலும் நடப்பதில்லை. மழை அடித்துப் போகிறது, காற்று உதிர்க்கிறது, குஞ்சு இடம் கிடைக்காமல் காய்கிறது, பொறிவண்டும் சிலந்தியும் தின்கின்றன. இப்படி நூற்றில் 90 செத்துப் போகிறது என்று கொள்வோம். கேட்பதற்குப் பெரிய சாவுதான். ஆனால் மிஞ்சும் பத்து சதவீதத்தில் கணக்குப் போட்டால், ஒரு பெண் ஈக்கு அடுத்த மாதம் இரண்டரைப் பெண் ஈ. 100 பெண் ஈ இருந்த தோப்பில் ஒரு மாதத்தில் 250, இரண்டாம் மாதம் 625, மூன்றாம் மாதம் 1,500-க்கு மேல், ஆறாம் மாதம் 24,000-க்கு மேல். தையில் கவனிக்காமல் விட்டது ஆடியில் தோப்பை மூடுவது இப்படித்தான்.

இப்போது நூற்றில் 90-க்குப் பதில் 96 சாகட்டும். மிஞ்சுவது நான்கு சதவீதம். 25 பெண்ணில் ஒன்றுதான் பிழைக்கும். ஒன்றுக்கு ஒன்று. 100 ஈ இருந்த தோப்பில் ஆறு மாதம் கழித்தும் 100 ஈ. பெருக்கம் நின்றுவிட்டது.

98 செத்தால், ஒன்றுக்கு அரை. 100 ஈ ஆறு மாதத்தில் ஒன்று இரண்டு என்று ஆகிவிடும்.

கவனியுங்கள்: 90-க்கும் 96-க்கும் நடுவில் உள்ள அந்த ஆறு சதவீதம்தான், தோப்பு கறுக்கிறதா தெளிகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை ஈ இன்றைக்குச் செத்தது என்பதைவிட, மாதாமாதம் அந்த ஆறு சதவீதத்தை யார் கொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த ஆறு சதவீதத்தைக் கொல்வது யார்

என்கார்சியா குவாடலூப்பே என்ற ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று நினைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரியும். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிந்த குளவிப்புழு வெள்ளை ஈயைத் தின்று வளரும். குளவி ஏறிய கூட்டுப்புழு வெள்ளையாக இல்லாமல் கறுத்துவிடும். பிறகு அதன் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும்.

இது நம்மிடம் இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரூகோஸ் வருவதற்கு முன்பே, 1993-இல், இதன் உறவுப் பூச்சியான இன்னொரு சுருள் வெள்ளை ஈ கேரளத்தில் மரவள்ளியில் நுழைந்தது. அங்கிருந்து கொய்யா உட்பட நம் ஊர் மரங்களுக்கும் வந்தது. சில ஆண்டு கழித்து லட்சத்தீவின் மினிக்காய் தீவில், அந்த ஈயின்மேல் இந்தக் குளவி இருப்பதை விஞ்ஞானிகள் கண்டார்கள். யாரும் கேட்டு வரவழைத்ததல்ல. பூச்சியோடு தானாக வந்து சேர்ந்தது. பிறகு நிலப்பகுதியிலும் பரவி அந்த ஈயை அடக்கியது. 2016-இல் ரூகோஸ் வந்தபோது, ஏற்கெனவே நம் நாட்டில் இருந்த இந்தக் குளவி அதன்மேலும் ஏறிக்கொண்டது. பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பயமுறுத்திய தாக்குதல், மருந்து அடிக்காத தோப்புகளில் தானே இறங்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பப்பாளி மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தெரிந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எத்தனையோ மருந்து அடித்தும் நிற்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, வளர்த்து விடப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி அதை அடக்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சி இங்கே வெறிகொண்டு பெருகுவதற்குக் காரணம், அதன் எதிரி கூட வராததுதான். எதிரி வந்தால் அடங்கும்.

முன்பு போட்ட கணக்கில் இந்தக் குளவியைச் சேர்த்துப் பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தப்பி 100-க்கு 10 கூட்டுப்புழு மிஞ்சுகிறது. அந்தப் பத்தில் ஆறைக் குளவி கொன்றால், மிஞ்சுவது நான்கு. பெருக்கம் நின்றது. எட்டைக் கொன்றால் மிஞ்சுவது இரண்டு. இறங்குமுகம்.

மருந்து அடித்தால் என்ன ஆகிறது

அதே 100 ஈ தோப்பு. குளவி இருப்பதால் மாதாமாதம் 100-லேயே நிற்கிறது. பார்க்கச் சகிக்காமல் கடுமையான மருந்து ஒன்றை விசைத்தெளிப்பானில் அடிக்கிறோம். நூற்றில் 90 ஈ செத்துவிட்டது. மறுநாள் தோப்பைப் பார்த்தால் மனசுக்கு நிம்மதிதான்.

ஆனால் மருந்து பட்ட இலைமேல் நடக்கும் குளவியும் செத்தது. கறுத்த கூட்டுக்குள் இருந்த குளவிகூட, வெளியே வந்து விஷம் படிந்த இலையில்தான் கால் வைக்க வேண்டும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, பொறிவண்டு எல்லாம் போயின. மிஞ்சியது 10 ஈயும், மெழுகுக்கு அடியில் இருந்த முட்டை குஞ்சுகளும். அந்த முட்டை குஞ்சுகளைக் கணக்கில் சேர்க்காமலே பார்ப்போம். குளவி இல்லாததால் சாவு மறுபடி 90 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒன்றுக்கு இரண்டரை. 10 ஈ முதல் மாதம் 25, இரண்டாம் மாதம் 62, மூன்றாம் மாதம் 156, நான்காம் மாதம் 390.

மூன்றாம் மாதமே, அடிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கும் 100-ஐத் தாண்டிவிட்டது. இப்போது இரண்டாவது முறை அடிக்கச் சொல்லிக் கடையில் சொல்வார்கள்.

வேரில் மருந்து கட்டுவதும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. சாற்றில் ஏறும் மருந்து கொஞ்ச நாள் ஈயைக் கொல்லும். குளவி தங்க வெள்ளை ஈயின் குஞ்சே இல்லாமல் போகும். மருந்து தீர்ந்ததும் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈதான் முதலில் வரும், குளவி பின்னால்தான் வரும். அதைவிடப் பெரிய கவலை வேறு. நம் கடலோரத் தோப்புகளில் பெரும்பங்கு மரங்கள் இளநீருக்கு வெட்டப்படுகின்றன. மாமல்லபுரத்தில் சாலையோரம் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் இளநீர், போன வாரம் வேரில் மருந்து கட்டிய மரத்ததா என்று யாருக்கும் தெரியாது. மரம் சாகாத ஒரு பூச்சிக்காக அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

நம் கடலோரப் பருவம்

ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் பலத்த மழை ஈயையும் குஞ்சையும் அடித்துக் கழுவும், கரும்பூசணமும் உதிரும். மழை முடிந்து மண் காய்ந்து வெயில் ஏற ஏற, மிஞ்சியதிலிருந்து பெருக்கம் தொடங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் உச்சம். ஆகவே, செய்ய வேண்டியதை மார்கழி, தையில் தொடங்குவது, சித்திரையில் ஓடுவதைவிடப் பல மடங்கு பயன் தரும். மேலே போட்ட கணக்குப்படி, இரண்டாம் மாதத்தில் ஒரு ஈயை அடக்குவது ஆறாம் மாதத்தில் சுமார் நாற்பது ஈயை அடக்குவதற்குச் சமம்.

கோடையில் பகலில் கடலிலிருந்து உள்பக்கம் காற்று வீசும். சாலைக்குக் கிழக்கே கவனிப்பாரில்லாமல் நிற்கும் பத்து மரம், மேற்கே உள்ள தோப்புக்கு ஈயை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். வேலி போட்ட மனைகளும், பூட்டிய வீடுகளும் இந்தப் பக்கம் அதிகம். திருக்கழுக்குன்றம், திருப்போரூர், லத்தூர் வட்டாரங்களில் கூட்டம் போடும்போதெல்லாம் இந்தப் புகார் வரும். நியாயமான புகார்தான். ஆனால் அந்த மரங்களில் மருந்து அடிக்காததால் குளவியும் அங்கேதான் நிறைய இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து கறுத்த கூட்டுப்புழு உள்ள இலைத் துணுக்கை எடுத்துவந்து உங்கள் தோப்பில் கட்டலாம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எதையும் செய்வதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். தோப்பின் நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து, மரம் ஏறுபவரிடம் சொல்லி, நடுவரிசை மட்டையிலிருந்து சில இலைகளை எடுத்துவரச் சொல்லுங்கள். அடி மட்டையில் எடுக்கக் கூடாது. அங்கே பழைய வெற்றுக்கூடுகள் அப்படியே ஒட்டியிருக்கும், அது போன மாதங்களின் கதையைச் சொல்லும்.

இலையைத் திருப்பி 100 கூட்டுப்புழுவை எண்ணுங்கள். கறுத்தவையும், முதுகில் வட்ட ஓட்டை உள்ளவையும் குளவியின் கணக்கு. வெள்ளையாக இருப்பவையும், 'டி' பிளவு உள்ளவையும் ஈயின் கணக்கு. குளவியின் கணக்கு 60-ஐத் தாண்டியிருந்தால், எந்தத் தெளிப்பும் வேண்டாம். மாதம் ஒரு முறை எண்ணிக்கொண்டிருந்தால் போதும். 60-க்கும் 30-க்கும் இடையில் என்றால், கீழே சொல்லும் நீர் அடிப்பதும் உரமும் போதும். 30-க்கும் குறைவு என்றால் குளவியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இந்த எல்லைகள் தோப்புகளில் நான் கடைப்பிடிப்பவை. மேலே போட்ட கணக்கிலிருந்து வந்தவை.

செய்ய வேண்டியவை

நீர் அடிப்பதில் தொடங்கலாம். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை மட்டையின் அடிப்புறம் படும்படி வேகமாகப் பீய்ச்சினால் ஈயும் குஞ்சும் உதிரும், தேன்கழிவும் கழுவப்படும். இதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். கோடையில் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை இலையில் அடித்தால் இலை கருகும். நெட்டை மரங்களுக்கு இது எட்டாது. அங்கே குளவியைத்தான் நம்ப வேண்டும்.

வளர்ந்த ஈக்களைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் பொறி நல்லது. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் மஞ்சள் பாலித்தீன் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவி, ஏக்கருக்குப் பத்து வீதம் ஆறடி உயரத்தில் மரங்களுக்கு நடுவே கட்டலாம். வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தூசி படிந்த பொறி வெறும் தோரணம்தான்.

குளவி விட வேண்டிய தோப்பில், ஒட்டுண்ணி ஏறிய கூட்டுப்புழு உள்ள இலைத் துணுக்குகளைப் பத்து மரத்துக்கு ஒன்று வீதம் மட்டையில் குத்தி விடலாம். மேலே சொன்னதுபோல் பக்கத்திலுள்ள, மருந்து படாத தோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது கூடு கறுத்திருக்க வேண்டும், ஆனால் ஓட்டை விழுந்திருக்கக் கூடாது. ஓட்டை விழுந்தால் குளவி பறந்துவிட்டது என்று பொருள். வெள்ளைக் கூடுகள் மிகுந்த இலையைக் கொண்டுவராதீர்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டை கிடைத்தால் ஏக்கருக்கு 400 முட்டை வீதம் விடலாம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் எங்கே எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

தோப்பு ஓரத்தில் வாழையும் கல்வாழையும் சில செடி வைத்திருப்பது நல்லது. அவற்றில் கொஞ்சம் வெள்ளை ஈ இருக்கும், அதை நம்பிக் குளவியும் இருக்கும். தென்னையில் ஈ ஏறும்போது குளவி உடனே ஏறும். 'ஈ இருக்கும் செடியை நானே வளர்ப்பதா?' என்று கேட்பார்கள். மாட்டுக்கு வைக்கோல் சேர்த்து வைப்பது மாதிரிதான் இது. குளவிக்குப் பஞ்ச காலத் தீவனம்.

தாக்குதல் கடுமையாக இருந்து குளவியும் குறைவாக இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மட்டையின் அடிப்புறம் தெளிக்கலாம். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். மார்கழி, தையில் பனி இறங்கும் நாட்களில் ஐசேரியா என்ற பூஞ்சாண மருந்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் தெளிப்பது நல்ல பலன் தரும். அது உயிருள்ள பூஞ்சாணம், ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தால் காசுதான் வீண். பூஞ்சாணக்கொல்லி எதையும் அதனோடு கலக்கக் கூடாது.

இலையில் படிந்த கரும்பூசணத்துக்கு மருந்து தேடாதீர்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிப் பசையாக்கி, மீதித் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மட்டையின் மேற்புறம் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து செதில் செதிலாக உரியும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும். வானம் மூடிய நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

மரத்துக்கு உரம் போட மறக்காதீர்கள். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் பொட்டாஷ் சீக்கிரம் கரைந்து இறங்கிவிடும் என்பதால், அங்கே இன்னும் பல தவணையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

தாக்கப்பட்ட பச்சை மட்டையைப் பந்தலுக்கோ கீற்று முடையவோ வேறு ஊருக்கு ஏற்ற வேண்டாம். கன்று வாங்கும்போது ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு சுருள் இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கூடு கட்டும் வெள்ளை ஈ

கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. 2018-க்குப் பிறகு பொண்டார் கூடு கட்டும் வெள்ளை ஈ என்ற வேறொரு வெளிநாட்டுப் பூச்சியும் தென்னையில் நுழைந்துவிட்டது. ரூகோஸைவிட மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் அளவு. சுருளாக முட்டை வைக்காமல், பஞ்சுபோன்ற சிறு வட்டக் கூடு கட்டி அதன் நடுவே உட்காரும். இறக்கையில் பெருக்கல் குறிபோல் கறுப்புக் கோடு தெரியும். பல தோப்புகளில் ஒரே இலையில் இரண்டும் இருக்கின்றன.

என்கார்சியா குளவி இந்தச் சின்ன ஈயின்மேல் ஏறுவதில்லை. ஆகவே மேலே சொன்ன எண்ணும் முறையில் இதன் கூடுகளைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் குளவி வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்டி மருந்துக் கடைக்குப் போய்விடுவீர்கள். இந்த ஈயைத் தின்ன பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சில பொறிவண்டுகளும் இருக்கின்றன. நீர் அடிப்பதும் வேப்ப எண்ணெயும் இதற்கும் பொருந்தும். இலையில் எந்த ஈ அதிகம் என்று தெரியாவிட்டால், இலைத் துணுக்கை ஒரு காகித உறையில் போட்டு, எடுத்த நாளிலேயே வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். பிறகு யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.